சுன்னாகத்துக் கிணறுகளும் எண்ணெய் தின்னும் பற்றீரியாவும்

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது, மாரி மழை சுண்ணாம்புக்கல்லில் ஊறித் தேங்கும் நிலத்தடி நீர்தான். வலிகாமத்துச் சுன்னாகத்தில் அந்த நீரில் கழிவெண்ணெய் கலந்தது. அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக எழுந்த முறைப்பாடு உயர் நீதிமன்றம் வரை போனது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கும்படி, அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனத்துக்கு 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அந்தப் பணத்தைக் கொண்டு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். கல்லிடுக்கில் ஒட்டிக்கொண்ட எண்ணெயை வாளியோ பம்போ எட்டாது. அங்கே போகக்கூடியது பற்றீரியா.

தண்ணீரின் மேல் மினுங்கும் படலமெல்லாம் எண்ணெயல்ல. ஈர்க்கால் கீறிப் பார்க்கலாம். படலம் சில்லுச்சில்லாக உடைந்து பிரிந்தே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாவால் வந்தது. கீறிய இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெய். எண்ணெயிலிருந்து நீரில் கரைந்துவிட்ட பென்சீனோ கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டும்.

எண்ணெய் என்பது காபனும் ஐதரசனும் சேர்ந்த சங்கிலிகளும் வளையங்களும். அதை உணவாகக் கொள்ளும் சூடோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே வாழ்கின்றன. இவற்றிற் பல, சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயைச் சிறு துளிகளாக்குகின்றன. பிறகு சங்கிலியின் நுனியில் ஒட்சிசனை ஏற்றுகின்றன. சங்கிலி அற்ககோலாகி, கொழுப்பமிலமாகி, இரண்டிரண்டு காபனாக அறுபட்டு, கடைசியில் காபனீரொட்சைட்டும் நீருமாகிறது. நேர்ச்சங்கிலிகள் விரைவில் தீரும். பல வளையங்கள் ஒட்டிய பாரமான பகுதி ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். ஈயம் போன்ற உலோகத்தை எந்தப் பற்றீரியாவும் அழிக்காது.

எண்ணெய் பெரும்பாலும் காபனும் ஐதரசனுமே என்பதால், அதை மட்டும் தின்று பற்றீரியா பெருக முடியாது. 100 பங்கு காபனுக்கு 10 பங்கு நைதரசனும் 1 பங்கு பொசுபரசும் தேவை என்பது பொதுவான கணக்கு. 1989இல் எக்சன் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய அலாஸ்காக் கரையில் பசளை இட்டது இதற்காகத்தான். அங்கிருந்த பற்றீரியாவே பெருகி வேலை செய்தது. குடாநாட்டின் நிலைமை வேறு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட பசளையால், பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியிருக்கிறது. குடிப்பவருக்குத் தீங்கான அந்த நைத்திரேற்று, ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் சில பற்றீரியாக்களுக்கு மூச்சாகிறது. அதைக்கொண்டு அவை எண்ணெயில் உள்ள தொலுயீனைச் சிதைக்கும். பென்சீன் அவ்வளவு இலகுவில் மசியாது.

மேல்மண்ணில் தோய்ந்த எண்ணெய்க்கு, மண்ணைக் கிளறி ஈரமும் காற்றும், தேவையெனில் பசளையும் கொடுக்கவேண்டும். நிலத்தடியில் குழாய்வழி காற்றை ஊதவேண்டும். வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல்லில் அந்தக் காற்று எவ்வழி போகும் என்று சொல்வது கடினம். ஆகையால் கசிவை மூலத்திலேயே அடைப்பதுதான் முதல் வேலை. வெளியிலிருந்து பற்றீரியாவை வாங்கிக் குடிநீர்க் கிணற்றில் ஊற்றுவது தேவையற்றது. கிருமிநீக்கத்துக்கு இடும் குளோரீனும் எண்ணெயை அகற்றாது, அதைத் தின்னும் பற்றீரியாவைத்தான் கொல்லும்.

மாரியில் நீர்மட்டம் ஏறும்போது, கோடையில் இடுக்குகளில் தங்கிய எண்ணெய் மீண்டும் கிளம்பலாம். ஆகவே ஒரு கிணறு தேறியதா என்று அறிய, கோடையில் ஒரு தடவையும் மாரி கழிந்து ஒரு தடவையுமாகச் சில ஆண்டுகள் தொடர்ந்து நீரைச் சோதிக்கவேண்டும்.