உவர்க்காற்றும் பழங் கணிப்பொறியும்

மனிதன் ஆக்கிய கருவிகள் அழியும் வழி இரண்டு. உழைத்துத் தேய்தல் ஒன்று. உழைப்பின்றிக் கிடந்து கெடுதல் மற்றொன்று. ஏரின் கொழு முதல் வழியால் அழிகின்றது. பெட்டியிற் பூட்டிவைத்த வீணை இரண்டாம் வழியால் அழிகின்றது. கணிப்பொறியின் உள்ளே மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகை வீணையின் இனத்தைச் சேர்ந்தது. அதில் அசையும் உறுப்பு இன்மையால் உழைப்பினால் நேரும் தேய்வு மிகக் குறைவு. ஆயினும், பரண்மேல் ஏற்றிப் பத்தாண்டு மறந்துவிட்டால், இறக்கிப் பார்க்கும்போது பச்சையும் வெண்மையுமாய்ப் பூத்து, உயிரற்றுக் கிடக்கின்றது. இக்கேட்டின் காரணம் யாது, தீர்க்கும் வழி யாது, அழிந்த உறுப்புகட்கு மாற்றினை எங்ஙனம் பெறுவது என்னும் மூன்றனையும் இங்கே சுருங்க ஆராய்வோம்.

பழைய பொறி ஒன்றன்மேல் இத்துணை உழைப்பைச் செலவிடுதல் தகுமோ எனின், தகும் என்போம். தமிழ் எழுத்து கணிப்பொறியில் ஏறிய வரலாறு இப்பொறிகளிலேயே தங்கியுள்ளது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை 1985-இல் ஆக்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றி, 1988-இல் நிறுவப்பெற்ற புனே சி-டாக் நிலையத்தாரால் வளர்க்கப்பெற்ற 'ஜிஸ்ட்' அட்டை, தாய்ப்பலகையின் நீண்ட செருகுவாயிற் பொருந்தி, திரையில் இந்திய எழுத்துக்களைத் தோற்றுவித்தது. அச்செருகுவாய் இக்காலத்துக் கணிப்பொறிகளில் இல்லை. அக்காலத்தில் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் எழுத்துக் குறியீட்டு முறையைக் கையாண்டதும் உண்டு. ஆகவே, ஒரு சிற்றிதழின் பக்கங்களோ, ஒரு புலவரின் கையெழுத்துப் படியோ அக்காலத்துத் தட்டில் எழுதப்பட்டிருக்குமாயின், அதனை எழுதிய பொறியின் துணையோடு படிப்பதே ஐயமற்ற வழியாம். பலகை மாளின் ஏடும் உடன் மாளக்கூடும்.

கேட்டின் காரணம்

அடையாற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. 1882-இல் அடையாற்றிற் குடிபுகுந்த பிரம்மஞான சபையின் முதல் தலைவர் ஒல்காட் துரையின் பெயர் இவ்வூர்ப் பெயரில் நிலைத்துள்ளது. இக்கரையில் வாழ்வோர்க்கு உவர்க்காற்றின் ஆற்றலைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. சாளரக் கம்பி செதிளாய் உதிர்வதையும், மிதிவண்டிச் சங்கிலி இறுகிப்போவதையும் அவர்கள் நாடோறும் காண்கின்றனர். இரும்பை உண்ணும் அக்காற்று செம்பை விட்டுவைப்பதன்று.

அலை உடையுங்கால் எழும் நுண்டிவலைகள் காற்றிற் கலந்து, நீர் உலர, உப்புத் துகளாய் வீட்டினுட் புகுந்து படிகின்றன. கறியுப்பானது, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குச் சற்றேறக்குறைய 75 பங்கை எட்டியதும் அவ்வீரத்தை ஈர்த்துத் தானே கரைந்து நீராகும் இயல்பினது. சென்னைக் கடற்கரையில் மழைக்காலத்தும் விடியற்காலத்தும் ஈரப்பதம் அவ்வளவையும் கடப்பது வழக்கம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆதலின், பலகையின் இரு செப்புத் தடங்களுக்கு இடையே அஃது ஒரு கள்ளப் பாலமாகி, தடத்தின் உலோகத்தைக் கரைத்து அரிக்கின்றது. ஓடிக்கொண்டிருக்கும் பொறி வெப்பமாயிருத்தலின் அதனுள்ளே ஈரப்பதம் தாழ்கின்றது. பூட்டிக் கிடக்கும் பொறிக்கு அக்காவல் இல்லை. உழைப்பின்மையே அதன் கேட்டிற்கு ஏதுவென முதலிற் கூறியதன் பொருள் இதுவே. உலோக அரிமானம் நம் நாட்டில் சிறுபொருளாக எண்ணப்படவில்லை. காரைக்குடியில் 1953-இல் தொடங்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனைத் தம் ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்றாகக் கொண்டு, மண்டபம் கடற்கரையிலும் உலோகங்களை வெளியில் வைத்துச் சோதித்துள்ளனர்.

உவர்க்காற்றினும் கொடிய பகைவன் பலகையின்மேலேயே குடியிருக்கின்றான். நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்தற்பொருட்டு, 386, 486 என்னும் எண்ணுடைய சில்லுகள் வழங்கிய காலத்துப் பலகைகள் பலவற்றில், நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். சிறு பீப்பாய் வடிவில் மூன்று கலங்கள் சேர்ந்து 3.6 வோல்ட் அழுத்தம் தருவது அது. அதனுள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரம். ஆண்டுகள் செல்ல, அதன் வாயடைப்புத் தளர்ந்து காரம் கசிகின்றது. செப்புத் தடத்தின் வழியே ஊர்ந்து, மேற்பூச்சின் அடியிற் புகுந்து, சில்லுகளின் கால்களைத் தின்கின்றது. நாம் காணும் வெண்பூப்பு, அக்காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி ஆன உப்பு. பச்சையும் நீலமுமாய்த் தோன்றுவது செப்புக் களிம்பு. இப்பாட்டரி பெரும்பாலும் கீபோர்டு செருகும் இடத்தருகே அமைந்திருத்தலின், கீபோர்டை ஆளும் சில்லே முதலிற் பலியாகின்றது. பொறி விழித்தும் கீபோர்டிற்குச் செவிசாயாதாயின், ஐயம் அவ்விடத்தே எழவேண்டும்.

தீர்க்கும் முறை

காரணம் இரண்டாதலின் மருந்தும் இரண்டு. காரத்திற்குப் புளிப்பு மருந்து. உப்பிற்கு நன்னீர் மருந்து. நம் இல்லத்துப் பெண்டிர் செப்புக் குடத்தின் களிம்பைப் புளியிட்டுத் துலக்குவது அமிலத்தாற் களிம்பைக் கரைக்கும் இம்முறையேயாம். ஆயினும் பலகைக்குப் புளி ஆகாது. அதன் சக்கை சில்லுகளின் அடியிற் சிக்கிக்கொள்ளும். தெளிந்த வினிகரே ஏற்றது.

முதற்செயல் பாட்டரியை அகற்றுதல். பொறி நன்கு ஓடிக்கொண்டிருப்பினும் இது செய்யத்தக்கதே. கசிந்தபின் வருந்துவதினும் கசியுமுன் வெட்டி எடுப்பது நூறு மடங்கு எளிது. காட்மியம் நஞ்சாதலின் கையுறை அணிதல் வேண்டும்; எடுத்த பாட்டரியைக் குப்பையில் எறியாது, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். பின்னர், குழியிற் செருகிய சில்லுகளைக் கழற்றி, வினிகரிற் பஞ்சை நனைத்துக் காரம் படர்ந்த இடமெங்கும் தடவுக. நுரை எழுமாயின் காரத்தின் உப்பு இன்னும் உளது என்பது குறிப்பு. நுரை அடங்கியபின், மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வடித்த நீரால் நன்கு கழுவுக.

மின்கருவியை நீரிற் கழுவுவதா என்று பலர் திடுக்கிடுவர். மின்சாரம் ஓடும்போதே நீர் பகை; ஓடாத பலகைக்கு உப்பற்ற நீர் தீங்கன்று. கடலிலிருந்து மீண்ட படகின் எஞ்சினை நன்னீரால் அலசுதல் மீனவரிடையே அறியப்பட்ட முறை. உலரவிட்ட உப்பே உலோகத்தை உண்ணும் என்பது அதன் கருத்து. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்குப்பங்களிற் புகுந்தபோதும், 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும் நனைந்த கருவிகள் எத்தனையோ. அத்தகைய வேளையில் கருவியை அப்படியே வெயிலிற் காயவைத்தல் தவறு; முதலில் மின்தொடர்பை நீக்கி, நன்னீரில் அலசி, அதன்பின்னரே உலர்த்தல் வேண்டும். கழுவிய பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, நிழலில், விசிறியின்கீழ் இரண்டு நாள் வைப்பது நலம்.

அடுத்தது தடங்களைச் சீர்செய்தல். கருத்த தடத்தை மெல்லச் சுரண்டின் செம்பு ஒளிவிடும் இடமும், செம்பே இல்லாது போன இடமும் தெரியவரும். ஒளிவிடும் செம்பின்மேல், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதுபோல, மெல்லிய சால்டர்ப் பூச்சு இடுக. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 பாகை சென்டிகிரேடில் உருகுவதாதலின் பழைய பலகைக்கு இணக்கமானது. அப்புகையை முகராதிருத்தல் நன்று. செம்பு அற்ற இடத்தில் மயிரிழையனைய கம்பியால் இரு முனைகளையும் இணைத்து, மல்ட்டிமீட்டரால் தொடர்பு உண்டா என ஒவ்வொன்றாகச் சோதிக்க. இது பொறுமையின் வேலை. ஒரே அமர்வில் முடிக்க முயல்வோர் நல்ல தடத்தையும் பெயர்த்துவிடுவர்.

பழைய பாட்டரி இருந்த இடத்தில் 3 வோல்ட் லித்தியம் நாணயக் கலத்தை வைப்பது இக்காலத்து வழக்கம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய பலகை தன் பாட்டரிக்கு மின்னூட்டம் அனுப்பும். லித்தியம் கலமோ மின்னூட்டம் ஏற்காதது, ஏற்றின் வெடிக்கவும் கூடும். ஆதலின் மின்னை ஒருவழியே விடும் டையோடு ஒன்றை இடையே அமைத்தல் இன்றியமையாதது. இவையனைத்தும் முடிந்து மின்சாரம் கொடுக்குமுன், 5 வோல்ட் தடத்திற்கும் நிலத்தடத்திற்கும் இடையே குறுக்குத் தொடர்பு இல்லை என்பதை மல்ட்டிமீட்டரால் உறுதிசெய்க. பழைய டான்டலம் கெபாசிட்டர்கள் உள்ளே இணைந்துபோய்த் தீப்பற்றுதல் உண்டு. விலைமதிப்பற்ற தட்டினை முதல்நாளே இணைத்தல் கூடாது. பலகை பிழைத்தது என்று தெளிந்தபின் இணைத்து, முதல் வேலையாக அதிலுள்ளவற்றைப் படியெடுத்துவிடுதல் வேண்டும்.

மாற்றுறுப்புகள்

அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் மின்னணு உறுப்புக் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. அங்கே செல்வோர் பழுதான உறுப்பையே கையில் கொண்டுசெல்க. "கீபோர்டை ஆளும் சில்லு" என்று கேட்பதினும், அதன் முதுகில் அச்சிட்ட எண்ணைக் காட்டுவது விரைவிற் பயன்தரும்.

உறுப்புகளை மூவகையாகப் பிரிக்கலாம். இன்றும் தயாராவன முதல்வகை. 74 என்று எண் தொடங்கும் தருக்கச் சில்லுகள், தடைகள், கெபாசிட்டர்கள், சில்லுக் குழிகள் ஆகியன இதில் அடங்கும். 1984-85-இல் நம் பள்ளிகளிற் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோவின் மூளையான 6502-இன் வழித்தோன்றல் இன்றும் கிடைக்கின்றது. ஆயினும் கால்கள் சிலவற்றின் பணி வேறாதலின் ஆராய்ந்தே பொருத்தல் வேண்டும். தயாரிப்பு நின்றன இரண்டாம் வகை. 1976-இல் வெளிவந்த இசட்-80 சில்லிற்கு 48 ஆண்டுகள் கழிந்து 2024-இல் கடைசி ஆர்டர்கள் பெறப்பட்டன. இத்தகையவற்றிற்குச் சிறந்த களஞ்சியம், பிழைக்க வழியற்ற மற்றொரு பலகையே. ஒன்று தன் உறுப்பீந்து மற்றொன்றை வாழ்விக்கும். ஆதலின் மாண்ட பலகையையும் எடைக்குப் போடுமுன் ஒருமுறை நோக்குக. அரிய சில்லுகளின் பெயரில், பழைய எண்ணை அழித்துப் புதிய எண் அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மிக மலிவாயும் மிகப் புதிதாயும் தோன்றுவதை ஐயுறுக.

விலைக்குக் கிடைக்காதன மூன்றாம் வகை. பொறி விழித்ததும் முதலிற் படிக்கும் ஆணைகளைத் தாங்கிய பயாஸ் சில்லு அத்தகையது. சில்லை வாங்கலாம், அதனுள் எழுதியதை வாங்குதல் அரிது. புற ஊதாக் கதிர் பட்டால் அழியும் எழுத்தாதலின், அதன் கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஒட்டுத்தாளைப் பிய்த்தல் ஆகாது. சில்லு நலமாய் உள்ளபோதே உரிய கருவியால் அதனைப் படித்துப் படியெடுத்து வைத்தல் அறிவுடைமை. ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் முதற் பொறிகளின் சுற்றுப்படங்களையும் பயாஸ் ஆணைகளையும் நூலாகவே வெளியிட்டனர். அந்நூல் பழுதுபார்ப்போர்க்கு இன்றும் வழிகாட்டுகின்றது. மறைத்து வைத்தோரின் பொறிகளோ, அறிந்தார் மறைய, தாமும் மறைகின்றன.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலோ, ஆய்வுக்கூடத்திலோ, பழைய அச்சகத்தின் மூலையிலோ இத்தகைய பொறி உறங்கக் கண்டால், அதனை இயக்கிப் பார்க்க விரையாதீர். முதலில் மூடியைத் திறந்து அந்தப் பீப்பாய்ப் பாட்டரி உளதா என நோக்கி, உளதேல் அகற்றுக. அதற்குச் செல்வது அரைமணி நேரமே. பழுதுபார்க்கும் கை பின்னர் ஒருநாள் வரலாம். அக்கை வரும்வரை பலகை உயிரோடிருத்தல் வேண்டும்.