எந்தப் பட்டம் வாங்கினால் உலகுக்கு வேலை செய்யலாம்?

வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா பொருளாதாரம் படித்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அதையே கற்பித்தவர். 1948-ல் யுனெஸ்கோவில் சேர்ந்து, பின்னாளில் அதன் துணைத் தலைமை இயக்குநர் பதவிவரை உயர்ந்தார். 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆனால் ஏழை நாடுகளின் முன்னேற்றத்தை ஆராயும் ‘வளர்ச்சியியல்’ என்ற பட்டம் அவரிடம் கிடையாது. அவர் படித்த காலத்தில் அப்படியொரு பாடப்பிரிவே பிறந்திருக்கவில்லை.

அன்று வளர்ச்சிப் பணிக்கு வந்தவர்கள் ஏதாவதொரு தொழிலைக் கற்றுத் தேர்ந்த பிறகே வந்தார்கள். அம்மை ஒழிக்கப் போனவர் மருத்துவர், நெல் ரகம் பார்க்கப் போனவர் வேளாண் பட்டதாரி, வாய்க்கால் வெட்டப் போனவர் பொறியாளர். ஏழை நாட்டின் நிர்வாகம், அரசியல், சாதி, நிலவுடைமை எல்லாவற்றையும் வேலைக்கு நடுவேதான் கற்றார்கள். அதனால் நேர்ந்த தவறுகளும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை.

பிறகு பல்கலைக்கழகங்கள் வந்தன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952-லும், இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966-லும் வளர்ச்சியியலுக்கென்றே நிறுவனங்கள் எழுந்தன. தொடக்க காலத்தில் அங்கே படிக்கப் போனவர்களில் பலர் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் அரசு அலுவலர்கள். படிப்பு முடிந்தால் திரும்பிப் போக நாற்காலி இருந்தது. இன்று அதே வகுப்பில் உட்காரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நாற்காலி இல்லை. அதைத் தேடித்தான் படிக்கவே போகிறது. பட்டத்தின் பெயர் மாறவில்லை, அதை வாங்குபவரின் நிலைமை தலைகீழாகிவிட்டது. கல்விக்கடனுக்கு வீட்டை அடமானம் வைக்கும் பெற்றோரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு மாற்றம் பாடத்திலேயே நடந்தது. ஐந்தாண்டுத் திட்டமும் அணையும் பேசிய பொருளாதாரம், ஒரு திட்டம் உண்மையிலேயே பலன் தந்ததா என்று களத்தில் அளக்க ஆரம்பித்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். இந்த முறையில் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கூடுதலாக ஓர் அரைநாள் ஊழியரை நியமித்ததில் குழந்தைகளின் கற்றலும் மேம்பட்டது, ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. எளிய விஷயம்தான். ஆனால் அதை நிரூபிக்கப் புள்ளியியல் தெரிந்தவர்கள் வேண்டும், தாய்மாரிடம் அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிந்தவர்களும் வேண்டும். இதைக் கற்கவும் வழி உண்டு: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பானர்ஜியும் டஃப்லோவும் அமைத்த முதுகலைப் படிப்புக்கு இணையவழிப் பாடங்களில் தேறுவதுதான் நுழைவாயில். கல்லூரிப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. தேர்வுக் கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப மாறும்.

இதற்கிடையே இந்தத் துறைக்குச் சம்பளம் கொடுத்த கைகள் சுருங்கிவிட்டன. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 1961-ல் தொடங்கப்பட்டது. 2025 ஜூலையோடு அதன் உதவிப் பணிகள் முடிவுக்கு வந்தன, எஞ்சியவை வெளியுறவுத் துறைக்குப் போயின. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவி நிதியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. ஐ.நா.வின் இளநிலை அலுவலர் பணியிடங்களுக்கு நன்கொடை நாடுகளே பணம் கட்டுவதால், பெரும்பாலும் அவற்றின் குடிமக்களுக்கே அவை போகின்றன. இந்தியப் பிள்ளைகளுக்கு இது முன்பே கடினமான வாசல்.

ஆகவே என் கருத்து, வெறும் ‘சர்வதேச வளர்ச்சி’யை முதல் முதுகலையாக எடுக்க வேண்டாம் என்பது. பொதுச் சுகாதாரம், புள்ளியியல், நீரியல், அரசு நிதி என ஒன்றில் கை தேறட்டும். உள்ளூரிலேயே படிக்க, வர்கீஸ் குரியன் 1979-ல் ஆனந்தில் நிறுவிய ஊரக மேலாண்மை நிறுவனமும், டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டாண்டு களத்தில் வேலை பாருங்கள். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையே அந்த அனுபவத்தைக் கேட்கிறது. பிரெஞ்சோ அரபியோ சேர்ந்தால் ஆப்பிரிக்காவில் பல நாடுகள் திறக்கும்.

அதன் பிறகும் வெளிநாட்டுப் படிப்புதான் என்றால், பணம் கட்டும் முன் அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: கடந்த ஆண்டு தேறிய இந்திய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்கள்?