நெருஞ்சிக் காயும் அரை மில்லிமீட்டர் அலகும்

வெறுங்காலோடு தரிசில் நடந்தவர்களுக்கு நெருஞ்சியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காய்ந்த காயைப் பிரித்தால் ஐந்து துண்டாகும். ஒவ்வொன்றும் கட்டை போலக் கெட்டி, கொம்பு போல முள். விதை உள்ளே பத்திரமாக இருக்கும். ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளிலும் இதே இனத்துச் செடி ஒன்று உண்டு. 1977ல் அங்கே ஒரு குருவிக் கூட்டத்தின் தலையெழுத்தை எழுதியது அதன் காய்தான்.

அந்தத் தீவுகளில் ஒன்றான டாப்னே மேஜர், அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைத் தீவு. படகிலிருந்து பாறைக்குத் தாவித்தான் ஏற வேண்டும். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973ல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் அங்கே போய்வந்தார்கள். டார்வின் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து பறக்கவிட்டார்கள். எது எதை மணந்தது, எந்தக் குஞ்சு பிழைத்தது எல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

1977ல் மழை பொய்த்தது. பெய்தது வெறும் 24 மில்லிமீட்டர். மெல்லிய சிறு விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியது நெருஞ்சி. தடித்த அலகுள்ளவை காயின் மூலையை முறுக்கி உடைத்து, ஓரிரு விதைகளை எடுத்துக்கொண்டன. மற்றவை பட்டினி கிடந்தன. தரையில் மேயும் நடுத்தரக் குருவிகளில் நூற்றுக்கு 85 அந்த வறட்சியில் போய்விட்டன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பருமன் கூடுதல். நம் விரல் நகத்தின் கனம் அது! அலகின் அளவு பெற்றோர் வழி வருவது என்பதால், அடுத்து பொரித்த குஞ்சுகளுக்கும் அலகு பருத்தே இருந்தது. நீண்ட யுகங்கள் கழிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று டார்வின் நினைத்த மாற்றம், ஒரே வறட்சியில் அளவுகோலுக்குள் வந்துவிட்டது.

1983ல் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து தீவை மூடின, சிறு விதைகள் பெருகின. அடுத்த வறட்சியில் சிற்றலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன.

என்னை அசரவைப்பது 2004ல் வாட்டிய வறட்சி. இதற்குள் பெரிய அலகுள்ள வேறொரு குருவியினம் தீவில் குடியேறிப் பெருகியிருந்தது. அது நெருஞ்சியை அநாயாசமாக உடைத்துத் தின்றுவிடும். 1977ல் உயிர் காத்த அதே தடித்த அலகு, நடுத்தரக் குருவிக்கு இம்முறை எமனானது. நெருஞ்சிப் பந்தியில் பெரியவனோடு போட்டியிட முடியவில்லை. சிறு விதை பொறுக்கிய சிற்றலகுகள் தப்பின. மழை பொய்த்தது அன்று போலத்தான், காயும் அதேதான். பக்கத்தில் யார் உண்கிறார்கள் என்பது மட்டும் மாறியிருந்தது.

அந்தக் குருவிகளிடம் எடுத்துவைத்த ரத்தத் துளிகளை, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் ஆராய்ந்து 2016ல் முடிவை வெளியிட்டார்கள். எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவுக்கு அங்கே இரண்டு வடிவங்கள்: ஒன்று பேரலகோடும் மற்றது சிற்றலகோடும் சேர்ந்து வருவது. பிழைத்தவற்றில் சிற்றலகு வடிவமே மிகுந்திருந்தது. நம்மில் ஒருவர் நெட்டையாவதிலும் குட்டையாவதிலும் இதே மரபணுவுக்குப் பங்குண்டு.