உளவியல் சிகிச்சை

உளவியல் சிகிச்சை என்பது மனத்துயர், அச்சம், உறவுச் சிக்கல், போதைப் பழக்கம் முதலியவற்றால் இடர்ப்படும் ஒருவர், பயிற்சி பெற்ற வல்லுநருடன் முறையாகத் தொடர்ந்து உரையாடி, அவற்றைப் புரிந்துகொள்ளவும் கையாளவும் கற்கும் முறையாகும். இது பேச்சுச் சிகிச்சை எனவும் அழைக்கப்படும். கடுமையான மனநோய் உடையோருக்கு மட்டுமே இது உரியது என்ற பரவலான கருத்து சரியன்று.

எப்போது நாடலாம்

இழப்பின் துக்கம், தேர்வு பற்றிய பயம், வேலை குறித்த கவலை ஆகியன இயல்பானவை. பெரும்பாலும் அவை காலப்போக்கில் தணிகின்றன. சிகிச்சை தேவையா என்பதை இரண்டு கேள்விகளால் ஓரளவு அறியலாம். ஒன்று, துன்பம் எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்பது. மற்றொன்று, அது உறக்கம், உணவு, படிப்பு, தொழில், உறவுகள் ஆகியவற்றை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பது. மனச்சோர்வு நோயைக் கண்டறிய, அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரங்கள் தொடர்வதை மருத்துவர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

மனத்துயர் சிலருக்குத் தலைவலி, படபடப்பு, வயிற்றுக் கோளாறு என உடல்வழியே வெளிப்படும். மறுபுறம், தைராய்டுச் சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலத் தோன்றலாம். எனவே பொது மருத்துவரிடமும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நன்று.

தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருத்தல் கூடாது. அண்மையிலுள்ள மருத்துவமனையை உடனே அணுக வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். இலங்கையில் 1926 என்ற எண் இத்தகைய உதவிக்கு உரியது.

வல்லுநர் வகைகள்

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் பயின்று மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித்தரும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுச் சிகிச்சையிலும் உளவியல் சோதனைகளிலும் பயிற்சி பெற்றவர். இந்தியாவில் இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருத்தல் வேண்டும். உளவளத்துணையாளர்கள் குடும்பம், கல்வி, பணி சார்ந்த சிக்கல்களில் உதவுகின்றனர். எவராயினும் அவரது கல்வித் தகுதியையும் பதிவையும் கேட்டறிவது நாடுவோரின் உரிமையாகும்.

எதிர்பார்க்கக் கூடியவை

ஒரு சந்திப்பு பொதுவாக 45 முதல் 60 நிமிடங்கள் வரை நீடிக்கும். முதல் சந்திப்பில் தற்போதைய துன்பம், அது தொடங்கிய காலம், உடல்நலம், குடும்பப் பின்னணி ஆகியன வினவப்படும். அனைத்தையும் அன்றே கூற வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டணம், சந்திப்புகளின் இடைவெளி, சிகிச்சையின் நோக்கம் ஆகியவற்றையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

சிகிச்சையாளர் வாழ்க்கை முடிவுகளை எடுத்துத் தருபவர் அல்லர். 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சையிலிருந்து வளர்ந்த அறிதல்-நடத்தைச் சிகிச்சையில், துன்பம் தரும் எண்ணங்களைக் குறித்துவைத்து அவற்றின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் பயிற்சிகள் வீட்டில் செய்யத் தரப்படும். இது பெரும்பாலும் 6 முதல் 20 சந்திப்புகளில் நிறைவுறும். வேறு சில முறைகள் நீண்ட காலம் எடுக்கும்.

வேதனையான நிகழ்வுகளைப் பேசும்போது தொடக்கத்தில் மனம் மேலும் கனப்பதுண்டு. சில சந்திப்புகளுக்குப் பின்னும் பயனோ நம்பிக்கையோ ஏற்படாவிடில் அதை வெளிப்படையாகக் கூறலாம். வேறொரு சிகிச்சையாளரை நாடவும் செய்யலாம்.

இரகசியம் காத்தல்

2018 முதல் நடைமுறையிலுள்ள இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் தகவல்களை இரகசியமாகக் காக்குமாறு பணிக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்றவை விதிவிலக்குகள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிய நேர்ந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயமாகும்.

தயக்கங்கள்

"பைத்தியம்" என்ற பட்டம், திருமணத் தடை, அடைத்துவைக்கப்படுவோம் என்ற அச்சம் ஆகியன பலரைத் தடுக்கின்றன. 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பேச்சுச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்குவதில்லை. குறித்த நேரத்தில் சென்று, பேசி, வீடு திரும்புகின்றனர்.