கம்பளிக் குல்லாயும் கறுப்பு நுரையும்

1997-ல் புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சின்ச்வட் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை வாகட், முளா ஆற்றை ஒட்டிய ஒரு கிராமம். சற்றுத் தள்ளிப் பிம்ப்ரியில் டெல்கோ தொழிற்சாலை இருந்தது. 1998-ல் இண்டிகா கார் அங்கிருந்துதான் வந்தது. பிறகு ஹிஞ்சவடியில் ஐ.டி. பூங்கா வளர, அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கான அடுக்ககங்கள் வாகட்டை நிறைத்தன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன நம்மவர்களும் அவர்களில் உண்டு. கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். அந்தக் கார்களை நம்பித்தான் பூம்கர் சவுக் பக்கமும் காஸ்பட்டே வஸ்தி பக்கமும் காரைப் பாலிஷ் போட்டு மினுக்கும் ‘டீட்டெய்லிங்’ கடைகள் பிழைக்கின்றன.

கடைக்குள் போனால், பாலிஷ் மெஷினில் மாட்டும் கம்பளி, நுரைப் பேட்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும்: மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் நம் ஊர்ப் பெயிண்ட் ஷெட்டில் இந்த வரிசைக்கே வேலை இல்லை. ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட், பெரிய ஷெட்டாக இருந்தால் சுழலும் பஃபிங் மெஷினும் அதற்கு மாட்ட ஒரு கம்பளிக் குல்லாயும். எல்லா வேலையும் அதில்தான் நடந்தது.

அது அறியாமையால் அல்ல. அன்றைய பெயிண்டுக்கு அது போதும். 1920களில் அமெரிக்காவின் டுபான்ட் கொண்டுவந்த டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், கார் பெயிண்டுக்கே பொதுப்பெயராக நம் ஊரில் நிலைத்துவிட்டது. ஸ்பிரே கன்னிலிருந்து அடித்ததும் அது மங்கலாகத்தான் காயும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மினுக்கினால்தான் பளபளப்பு வரும். அதாவது பாலிஷ் என்பது பெயிண்ட் அடிப்பதிலேயே ஒரு பாதி. பின்னால் எனாமல் பெயிண்டுகள் வந்து இந்த உழைப்பைக் குறைத்தன. ஆனாலும் நிறம் மேல்பரப்பு வரை ஒரே பூச்சாகவே இருந்தது. வெயிலில் நின்ற அம்பாசடரும் பத்மினியும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறும். மேலே செத்துப்போன அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் கீழே நல்ல நிறம் இருக்கும். தேய்த்த துணியில் காரின் நிறம் ஏறுவதைப் பார்த்துத்தான் பெயிண்டர் எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு வைத்தார். அதிகம் எடுத்துவிட்டால் அதே பெயிண்டைக் கலந்து அவரே திரும்ப அடித்துவிடுவார்.

இன்று பெரும்பாலான கார்களில் பேடில் நிறம் ஏறுவதில்லை. நிறத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கிளியர் கோட் இருக்கிறது. மெட்டாலிக் நிறங்கள் பெருகியபோது அதுவும் கூடவே வந்தது, ஏனென்றால் அலுமினியத் துகள் கலந்த நிறம் மூடி இல்லாமல் வெயிலில் அதிக நாள் நிற்காது. பெரும்பாலான கார்களில் அந்தக் கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. திரும்ப வைக்க வழியில்லை, மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர. பேடைத் தேர்ந்தெடுப்பது என்றால் எவ்வளவு எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வாகட்டில் பலரும் வருடத்துக்கு ஒரு முறை ‘ஃபுல் ரப்பிங்’ கேட்டு வாங்குகிறார்கள்.

கீறல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாகட்டில் கட்டடம் எழும்பாத மாதம் இல்லை, தூசிக்குக் குறைவும் இல்லை. விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து கார்களைத் துடைப்பவர் அந்தத் தூசியைத் துணியோடு சேர்த்து இழுக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தரப்படும் தண்ணீர் அவ்வளவுதான். 2019 கடைசியிலிருந்து மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறது, மீதிக்கு டேங்கர். போர்வெல் தண்ணீர் உப்புச் சத்துள்ளதாக இருந்தால் துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி படியும். நாள்பட்டால் அது கிளியர் கோட்டையே அரிக்கும். வெயிலில் நின்று பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலைக் கீறல். உரிமையாளர் பதறிக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் வேகமாக வேலை முடிக்கும் கம்பளியை எடுக்கிறார்.

கம்பளி ஏன் வேகமாக வெட்டுகிறது? ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு தேய்க்கிறது. இழைகளுக்கு நடுவே காற்று புகுவதால் நுரை அளவுக்குச் சூடாவதும் இல்லை. ஆனால் அதே இழைகள் மெல்லிய மங்கலை விட்டுச் செல்லும். நுரைப் பேட் பெயிண்டில் சமமாக அமர்ந்து மென்மையாக முடிக்கும், ஆனால் சூட்டைத் தேக்கும். ஒரே திசையில் விடாமல் சுற்றும் ரோட்டரி மெஷினில் இந்தச் சூடுதான் ஆபத்து. கதவின் மடிப்பு விளிம்பில் பெயிண்ட் மெலிந்திருக்கும், அங்கே ஒரு நொடி தாமதித்தால் கிளியர் கோட் போய் அடி நிறமே வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைப் பரப்பாது, இன்னும் சீக்கிரம் எரியும்.

பேடின் அளவும் அப்படித்தான். நிமிடத்துக்கு 1500 சுற்றில் 200 மில்லிமீட்டர் பேடின் ஓரம் நொடிக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 75 மில்லிமீட்டர் பேடின் ஓரம் ஆறு மீட்டரைத் தொடாது. கண்ணாடித் தூணுக்கும் கதவுக் கைப்பிடி ஓரத்துக்கும் பெரிய குல்லாயைக் கொண்டுபோவது கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நிறத்தை நம்பிப் பேட் வாங்குகிறவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. லேக் கன்ட்ரி நிறுவனத்தின் மஞ்சள் கடுமையாக வெட்டும் நுரை, இத்தாலியின் ரூப்பஸ் விற்கும் மஞ்சளோ மென்மையாக முடிக்கும் நுரை. நிறத்தை விட்டுவிட்டு, விரலால் அழுத்தி இறுக்கத்தைப் பார்க்க வேண்டும், தயாரிப்பாளர் எழுதியதைப் படிக்க வேண்டும்.

இப்போது நல்ல கைகள் ரோட்டரியை ஓரம் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினுக்கு மாறுகின்றன. அதை ஓங்கி அழுத்தினால் பேட் சுற்றுவது நின்றுவிடும், எரிவது அரிது. நான் இந்த மாற்றத்தை வரவேற்கிறேன். ஆனால் ரோட்டரியோடு பத்து வருடம் பழகிய ஒருவரின் மணிக்கட்டு அறிந்ததை எந்த மெஷினும் அறியாது. அவர் பேடைச் சற்றும் சாய்க்காமல் வைப்பார், காம்பவுண்டை மெதுவான சுற்றில் பரப்பிய பிறகே வேகம் கூட்டுவார், ஒவ்வொரு பேனலுக்கும் பிறகு பேடைப் பிரஷ் போட்டோ காற்றடித்தோ சுத்தம் செய்வார். தரையில் விழுந்த பேடைத் திரும்பத் தொடமாட்டார். வாகட்டின் தரையில் ஒரு மணல் துகளாவது இருக்கும்.

முதலில் இரண்டடி சதுரத்தில் மென்மையான நுரையோடு சோதித்துப் பார்ப்பது இப்படிப் பழகியவர்களின் முறை. போதவில்லையென்றால்தான் ஒரு படி கடுமையான பேட். வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்து வெயிலில் பார்ப்பார்கள். பாலிஷின் எண்ணெய் மறைத்திருந்த வளைந்த கோடுகள், ஹோலோகிராம் என்று கடையில் சொல்வது, அப்போதுதான் வெளியே வரும். கறுப்புக் காரில் அதைத் தவறவிட முடியாது. அவர்கள் கடைசி முடிப்புக்கு வைத்திருக்கும் மென்மையான கறுப்பு நுரையோடு இன்னொரு சுற்று போக வேண்டியது அந்த இடத்தில்தான். காரைக் கொடுப்பவர் பெயிண்ட் தடிமன் மீட்டரின் எண்ணை முன்னும் பின்னும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், இருந்தாலும் எவ்வளவு போனது என்பது அதில் தெரியும்.

கம்பளிக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடவில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலில் தூசி உட்கார்ந்து, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுச் சமப்படுத்திய பிறகு, அந்தத் தேய்ப்பின் மங்கலை எடுக்க முதல் சுற்றுக்கு அதைவிடத் தோதானது இன்றும் இல்லை. அங்கே கிளியர் கோட் தாராளமாக அடிக்கப்பட்டிருக்கும், கம்பளியின் வேகமும் பயன்படும். அதற்குப் பிறகு நுரை, கடைசியில் கறுப்பு நுரை.