துறைமுகமும் முதுமையும்

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண்போர் அதன் ஆழத்தை வியப்பர்; அங்கு உழைப்போரின் வயதை எண்ணுவோர் சிலரே. 1957 இல் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை விட்டு நீங்கியது. பின்னர் மாவாலையும் சீமெந்தாலையும் எழுந்தன. இயந்திரங்கள் பெருகிய போதிலும் உடலுழைப்பு முற்றாக நீங்கவில்லை.

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறையில் ஓய்வுபெறும் ஆகக்குறைந்த வயதை 60 ஆக்கிற்று. ஊதியம் நீடிப்பது நன்றே. ஆயினும் சட்டம் ஆண்டுகளை நீட்டுமேயன்றி முழங்காலுக்கு வலுவூட்டாது.

பின்லாந்து அறிஞர் யுகானி இல்மரினென் குழுவினர் 1981 முதல் 11 ஆண்டுகள், 6,000 பேருக்கு மேற்பட்ட நகராட்சி ஊழியரை ஆராய்ந்தனர். வயதேறியும் வேலைத்திறன் வளர்ந்தோரிடம் அவர்கள் கண்ட காரணங்கள் மூன்று: மேற்பார்வையாளரின் நன்மனப்பாங்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை குறைந்தமை, உடற்பயிற்சி. இவற்றுள் முதலிரண்டும் தொழிலாளியின் கையில் இல்லை. தொழில்கொள்வோர் கையிலேயே உள்ளன என்பதை நோக்குக.

ஆதலின், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் பயிலும் மாணவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாளை மேற்பார்வையாளராக அமரப்போவோர் நீங்களே. அதற்கு முன் ஒருமுறை துறைமுக வாயிலுக்குச் சென்று, நரைத்த தலையினர் ஒருவரிடம், "ஐயா, எந்த வேலை உங்களுக்கு நோவு தருகிறது?" என்று கேளுங்கள். விடையைக் குறித்துக்கொள்ளுங்கள், பதவி வந்தபின் மறவாதிருங்கள்.