'டிஸ்என்சான்டட்': 15 ஆண்டுகள் காத்திருந்தும் ஏமாற்றியது ஏன்?

டிஸ்னியின் 'என்சான்டட்' 2007-இல் வெளிவந்தபோது உலகம் முழுவதும் 34 கோடி அமெரிக்க டாலர் வசூலித்தது. அந்தக் காதல் கற்பனை நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகமான 'டிஸ்என்சான்டட்', 2022 நவம்பரில் திரையரங்குகளுக்கு வராமல் நேராக டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியானது. முதல் படத்தை ரசித்தவர்களில் பலருக்கு இது ஏமாற்றமாகவே முடிந்தது.

ஏன் என்று அறிய, முதல் படம் வென்ற விதத்தைப் பார்க்க வேண்டும்.

கார்ட்டூன் உலகில் வாழும் கிசெல் (ஏமி ஆடம்ஸ்), ஓர் அரசியின் சூழ்ச்சியால் நியூயார்க் நகரில் வந்து விழுகிறாள். கதைகளில் வருவதுபோலப் பாடி விலங்குகளை உதவிக்கு அழைக்கிறாள். வருவதோ எலிகளும் புறாக்களும் கரப்பான்பூச்சிகளும்! அவை வீட்டைச் சுத்தம் செய்யும் காட்சியில் சிரிக்காதவர் குறைவு. காதலில் நம்பிக்கையற்ற விவாகரத்து வழக்கறிஞர் ராபர்ட் அதைக் கண்டு திகைக்கிறார். கற்பனையும் நிஜமும் மோதிக்கொண்டதால்தான் சிரிப்பு பிறந்தது.

இரண்டாம் பாகத்தில் அந்த மோதல் இல்லை. கிசெலும் ராபர்ட்டும் மகள் மோர்கன், கைக்குழந்தை ஆகியோருடன் புறநகர் ஒன்றில் குடியேறுகிறார்கள். புது வாழ்க்கை கசக்கவே, கிசெல் மந்திரக்கோலிடம் வரம் கேட்கிறாள். ஊரே தேவதைக் கதையாக மாறிவிடுகிறது. ராபர்ட்டும் வாள் ஏந்திய வீரனாகிவிடுகிறார். திகைத்து நிற்க ஆளில்லாத இடத்தில் நகைச்சுவை எப்படி எடுபடும்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மோர்கன், ராபர்ட்டின் முதல் தாரத்து மகள். பதின்ம வயதை எட்டிவிட்ட அவள், கோபத்தில் கிசெலைப் பார்த்து 'நீ மாற்றாந்தாய்தானே' என்ற பொருளில் பேசிவிடுகிறாள். பெறாத பிள்ளையைப் பாசமாக வளர்த்தவளுக்கு அந்தச் சொல் எப்படி வலிக்கும்? 'சித்தி கொடுமை' என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கும் இது அந்நியமான கேள்வி அன்று. மறுமணக் குடும்பங்கள் பலவற்றில் அன்றாடம் எழும் சிக்கல் இது.

படமோ அந்தக் கேள்வியை நின்று எதிர்கொள்ளவில்லை. வரத்தின் விளைவாகக் கிசெல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுமைக்காரச் சித்தியாக மாறுகிறாள். பழி மந்திரத்தின் மேல் விழுந்துவிடுவதால், தாயும் மகளும் மனம்விட்டுப் பேச வேண்டிய அவசியமே வருவதில்லை.

நல்லவளாகவும் கெட்டவளாகவும் நொடிக்கு நொடி மாறும் ஏமி ஆடம்ஸின் நடிப்பு பாராட்டத்தக்கது. முதல் படத்தில் ஒரு பாடல்கூடக் கிடைக்காத பாடகி இடினா மென்செல் இதில் பாடியிருப்பதும் ஆறுதல். அம்மாவுடன் வீட்டில் இருக்க வேண்டும் என மோர்கன் கேட்கும் இறுதிக் காட்சி நெகிழ வைக்கிறது. ஆனால், அவள் அதைக் கேட்பதும் மந்திரக்கோலிடம்தான்.

பிள்ளைகளுடன் பார்க்க விரும்புவோர் முதல் பாகத்தைத் தயங்காமல் பார்க்கலாம். இரண்டாம் பாகத்தைப் பார்த்தால், படம் பேசாமல் விட்டதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.